தோள் ஆபரேஷனுக்குப் பிறகு ஐஸ்: எப்படி, எவ்வளவு, எதுவரை?

வாசகர் கேள்வி - பிசியோதெரபி பதில்

தோளில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருபவர்களின் டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கிறது: "ஐஸ் வைக்கவும்." எந்த ஐஸ், எத்தனை நிமிஷம், கட்டின் மேலேயா கீழேயா என்பதெல்லாம் சீட்டில் இல்லை. பழைய வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து இதைக் கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். உள்ளே எதை எப்படித் தைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரருக்குத் தோள் தசைநார் கிழிந்து, சாவித்துவார ஆபரேஷனில் தைத்திருக்கிறார்கள். ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள். கட்டு பெரிதாக இருக்கிறது. எதை வைத்து, எப்படிக் கொடுப்பது?
- காட்பாடி வாசகி

சாவித்துவார ஆபரேஷன் என்றால் தோள் மூட்டுக்குள் சலைன் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டேதான் வேலை செய்வார்கள். அதில் கொஞ்சம் தசைக்குள் கசிந்துவிடும். முதல் நாள் தோளும் கழுத்துப் பக்கமும் பொதபொதவென்று உப்பியிருப்பது பெரும்பாலும் அந்தத் தண்ணீரால்தான். ஒரு நாளில் தானாகவே வடிந்துவிடும். அதற்குப் பிறகும் இருப்பது தைத்த இடத்தின் வீக்கம். ஐஸ் வேலை செய்வது அதன்மேல்தான். குளிர்ச்சி பட்டால் ரத்தக்குழாய் சுருங்கும், நரம்பு வலியைக் கொண்டுபோகும் வேகம் குறையும். மேலே இதமாக ஓர் அழுத்தமும் இருந்தால், தேங்கிய நீர் திரும்ப ரத்தத்திலும் நிணநீரிலும் சேர வழி கிடைக்கும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பர் வெந்நீர்ப் பையே இதற்குப் போதும். ஃப்ரிட்ஜில் உறைந்த கட்டியைத் துணியில் சுற்றி, பூரிக்கட்டையால் தட்டிக் கொண்டைக்கடலை அளவுக்கு உடையுங்கள். அரை கிலோ ஐஸுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இல்லாத வெறும் கட்டி தோளின் வளைவில் உட்காராது. நாலைந்து முனைகள் மட்டும் குத்திக்கொண்டு நிற்கும். மூடி போடுவதற்கு முன் பையைப் படுக்கவைத்து, தண்ணீர் வாய்வரை வருமாறு அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று நின்ற இடத்தில் குளிர்ச்சி ஏறாது. அரை கிலோவுக்கு மேல் வேண்டாம். தைத்த தோள் கனம் தாங்காது.

அவரைச் சாய்ந்த மாதிரி உட்காரவையுங்கள். ஸ்லிங்கை, அதாவது கையைத் தாங்கிக் கழுத்தில் தொங்கும் தூளியைக் கழற்ற வேண்டாம். முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. கையைத் தூக்கி அக்குளுக்குள் எதையும் நுழைக்கக் கூடாது. பையைத் தோள் முனையில், முன்பக்கமும் பக்கவாட்டும் மூடுவது போல வையுங்கள். கழுத்தோரக் குழியிலும் அக்குளிலும் வைக்காதீர்கள். கைக்குப் போகும் நரம்புக் கொத்து அந்த வழியாகத்தான் இறங்குகிறது.

பைக்கும் தோலுக்கும் நடுவில் எவ்வளவு துணி என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். முதல் இரண்டு நாள் பஞ்சும் காஸும் வைத்த தடித்த கட்டு இருக்கும். அதன்மேல் இருபது நிமிஷம் வைத்தாலும் உள்ளே லேசாகத்தான் சில்லிடும். "ஐஸ் வெச்சும் ஒண்ணும் தெரியல" என்று சொல்வது இந்தக் கட்டத்தில்தான். பிறகு கட்டைப் பிரித்து, துளைகளின் மேல் சின்ன பிளாஸ்டர் மட்டும் ஒட்டி அனுப்புவார்கள். அதே பையை, அதே இருபது நிமிஷம், அதே மாதிரி வைத்தால் இப்போது தோல் கருகும். கட்டு தடிப்பாக இருக்கும்வரை பையின்மேல் ஒரு மெல்லிய துணி போதும். கட்டு பிரித்த பிறகு பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகவோ, ஒரு மெல்லிய துண்டையோ கட்டாயம் போடுங்கள். துணி உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்துணி குளிர்ச்சியை வேகமாகக் கடத்தும், பிளாஸ்டரையும் நனைக்கும். மெல்லிய பாலித்தீன் தாள் ஒன்றைக் கட்டின்மேல் விரித்து, அதன்மேல் துணி, அதன்மேல் பை என்று வைத்தால் பையின் வியர்வை காயத்துக்குப் போகாது.

நேரம்: 15 முதல் 20 நிமிஷம். முதலில் சில்லென்று இருக்கும், பிறகு எரியும், பிறகு குடைகிற மாதிரி வலிக்கும், கடைசியில் மரத்துப்போகும். மரத்ததும் எடுத்துவிடலாம். மரக்காவிட்டாலும் இருபது நிமிஷத்தில் எடுத்துவிட வேண்டும். முதல் மூன்று நாள் விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கொரு தடவை. அதற்குப் பிறகு நாளைக்கு மூன்று நான்கு தடவை. போனில் அலாரம் வையுங்கள். "டிவி சீரியல் முடியட்டும்" என்று விட்டால் அரை மணி ஆகிவிடும்.

அழுத்தத்துக்கு ஆறு அங்குல கிரேப் பேண்டேஜ். இதைச் சுற்ற இரண்டாவது ஆள் வேண்டும். மேல்கையில் இரண்டு சுற்று, தோளில் உள்ள பையின் மேலாக ஏற்றி, முதுகு வழியாக எதிர் அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து, மார்பு வழியாகத் திரும்பத் தோளுக்கு. பேண்டேஜ் எவ்வளவு இழுபடுமோ அதில் பாதிக்கு மேல் இழுக்காதீர்கள். சுற்றி முடித்ததும் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பவில்லை என்றால், அல்லது விரல் ஊசி குத்துகிற மாதிரி ஆனால், இறுக்கம் அதிகம். பையை எடுக்கும்போது பேண்டேஜையும் பிரித்துவிடுங்கள். கை ஸ்லிங்கில் உடம்போடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்து, பேண்டேஜை உள்ளே நுழைக்க வழியில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஸ்லிங்குக்கு மேலேயே பையை வைத்து ஒரு துண்டால் கட்டினால் போதும். இந்த அழுத்தத்துக்காகத் தையலைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து வந்த அன்று கை முழுக்க உணர்வே இல்லை. ஐஸ் வைக்கலாமா?
- அணைக்கட்டு வாசகர்

கழுத்தோரம் போட்ட மரப்பு ஊசியால் அப்படி இருக்கும். பொதுவாக 12 முதல் 18 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட நீடிக்கும். அந்தப் பக்கக் கண்ணிமை லேசாகத் தொங்குவது, குரல் கரகரப்பது, மூச்சு முழுதாக இழுக்க முடியாதது போல இருப்பது ஆகியவையும் அந்த ஊசியோடு வந்து அதோடு போகலாம். மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே போனால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஐஸ் வைக்கலாம். ஆனால் அந்தத் தோல் "போதும்" என்று சொல்லாது. தடித்த கட்டு இருந்தால் மட்டும், 15 நிமிஷத்துக்கு மேல் போகாமல், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஓரத்தைத் தூக்கித் தோலின் நிறத்தைப் பாருங்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் உணர்வு திரும்பும்வரை வேண்டாம். எப்படியும் ஊசியின் வேலை இருக்கும்வரை வலி இருக்காது. இன்னொன்று: ஊசி விட்டதும் வலி ஒரேயடியாக வரும். நள்ளிரவில் அது வந்தால் சமாளிப்பது கஷ்டம். விரல் நுனியில் சுருக் சுருக்கென்று உணர்வு திரும்ப ஆரம்பிக்கும்போதே டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். 48 மணி நேரம் கழிந்தும் விரல் மரத்தே இருந்தால் சர்ஜனிடம் சொல்லுங்கள்.

தறி வேலை. தோள் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஐஸ் மிஷின் வாங்கினால் சீக்கிரம் தறியில் உட்காரலாம் என்கிறார்கள். வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?
- ஆரணி வாசகர்

மிஷினால் தசைநார் சீக்கிரம் ஒட்டாது. அதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எலும்போடு தைத்த தசைநார் பிடிக்க ஆகும் வாரங்கள் ஆகியே தீரும். தறிக்குத் திரும்புவதை முடிவு செய்வது கிழிசலின் அளவும் பயிற்சியும்தான். ஐஸின் வேலை முதல் வாரங்களின் வலியைக் குறைப்பது, தூங்கவைப்பது, வீக்கத்தைத் தணிப்பது.

மிஷின் என்ற பெயரில் மூன்று வகை விற்கிறது. முதலாவது, மோட்டாரே இல்லாதது. ஐஸ் தண்ணீர் நிரம்பிய பெட்டியைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் தண்ணீர் தோளில் சுற்றிய பைக்குள் இறங்கும். பெட்டியைக் கீழே வைத்தால் திரும்பிவிடும். அழுத்தமும் உயரத்தால்தான் கிடைக்கிறது. 1.36 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். 40 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தால் சுமார் 30. அதற்கு மேல் அலமாரி உச்சியில் ஏற்றிவைக்கும் வேலை வேண்டாம்.

இரண்டாவது, பெட்டிக்குள் சின்ன மோட்டார் இருந்து ஐஸ் தண்ணீரைச் சுற்றிவிடுவது. கடையில் இதைத்தான் அதிகம் காட்டுவார்கள். "கம்ப்ரஷன்" என்று சொல்லித் தருவார்கள். உண்மையில் இது குளிர்ச்சியை மட்டும்தான் தரும். அழுத்தம் என்பது மேலே ஒட்டும் பட்டையை நீங்கள் இறுக்குவதுதான். மூன்றாவது வகையில் தண்ணீர் ஓடும் அடுக்கோடு காற்று நிரம்பி இறங்கும் அடுக்கும் உண்டு. விலை அதிகம் உள்ளது இதுதான். சிலவற்றில் குறைந்த நிலை 5 முதல் 15 மில்லிமீட்டர், அதிக நிலை 75 வரை போகும். தோளுக்குக் குறைந்த நிலையில்தான் தொடங்க வேண்டும். விளையாட்டு வீரர்களின் முழங்காலுக்கு வைப்பதை அப்படியே தோளுக்கு வைக்காதீர்கள்.

தோள் ஆபரேஷனுக்குப் பிறகு குளிர்ச்சி கொடுத்தவர்களுக்கு வலி குறைந்தது, தூக்கம் நன்றாக வந்தது என்று 1996இல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆனால் 2015இல் அங்கேயே வந்த இன்னோர் ஆய்வு, அழுத்தத்தோடு குளிர்விக்கும் மிஷினையும் சாதாரண ஐஸையும் சாவித்துவாரத் தோள் ஆபரேஷன் ஆனவர்களிடம் ஒப்பிட்டது. வலியிலும் வலி மாத்திரை அளவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் கருத்து: வீட்டில் இரண்டு மணிக்கொரு முறை ஐஸ் உடைத்துக் கொடுக்க ஆள் இருந்தால் மிஷின் வேண்டியதில்லை. தனியாக இருப்பவர், அல்லது எல்லாரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் இரண்டாவது வகையை இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். விலைக்கு வாங்கினால் அடுத்த மாதமே பரண்மேல் ஏறிவிடும். வாடகைக்கு எடுத்தாலும் தோளில் சுற்றும் பட்டை மட்டும் புதிதாக இருக்கட்டும். அடுத்தவர் காயத்தின்மேல் கிடந்த பட்டை உங்கள் காயத்துக்கு வேண்டாம்.

வாடகைக்கு எடுத்த மிஷினில் மோட்டார் சத்தம் கேட்கிறது, ஆனால் பட்டை சில்லிடவில்லை. ஒரு நாள் கட்டு முழுக்க நனைந்துவிட்டது. கடைக்காரர் "ஐஸ் நிறையப் போடுங்க" என்கிறார்.
- ராணிப்பேட்டை வாசகர்

ஐஸ் குறைவாக இருக்கலாம்தான். ஆனால் சத்தம் வந்தும் சில்லிடவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குழாயில் அடைபட்ட காற்றை. பட்டையைத் தோளில் சுற்றிய பிறகு மோட்டாரைப் போட்டால் மடிந்த இடத்தில் காற்று மாட்டிக்கொள்ளும். பட்டையை மேஜைமேல் விரித்து, பெட்டியைவிடத் தாழ்வாக வைத்து, இரண்டு நிமிஷம் ஓடவிடுங்கள். பட்டை முழுக்கத் தடித்துச் சில்லிட்டதும் தோளுக்குக் கொண்டுபோங்கள். இணைப்பு "கிளிக்" என்று விழுந்ததா பாருங்கள்; பாதி மாட்டியிருந்தால் உள்ளே இருக்கும் வால்வு திறக்காது. கட்டில் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் குழாய் நசுங்கியிருப்பதும் அடிக்கடி நடப்பது. பட்டையை ரொம்ப இறுக்கினாலும் தண்ணீர் ஓடாது.

தண்ணீரைக் கோட்டுவரை முதலில் ஊற்றி, பிறகு ஐஸ் போடுங்கள். உருகும் ஐஸ்தான் வெப்பத்தைத் தின்னும்: ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி எடுத்துக்கொள்ளும், ஒரு கிலோ ஐஸ் தண்ணீர் பத்து டிகிரி சூடேறுவதற்குள் 10 கிலோகலோரிதான். ஃப்ரிட்ஜ் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டுவது அதனால்தான் பயன்படுவதில்லை. சின்னக் கட்டிகளுக்குப் பதில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கை உறையவைத்து உள்ளே நிறுத்துங்கள். மெதுவாக உருகும், திரும்பத் திரும்ப உறையவைக்கலாம். இன்னொரு நான்கு பாட்டில் ஃப்ரீசரில் தயாராக இருக்கட்டும். பாட்டிலை முக்கால்வாசிக்குச் சற்று மேல்வரை மட்டும் நிரப்புங்கள். உறையும்போது தண்ணீர் பெருகி பாட்டிலைப் பிளந்துவிடும்.

உப்புப் போட்டால் இன்னும் சில்லிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உப்புக் கலந்த ஐஸ் தண்ணீர் பூஜ்யத்துக்கும் பல டிகிரி கீழே இறங்கிவிடும். குல்ஃபி வண்டிக்கு அது சரி, தோலுக்கு ஆகாது. அதேபோல் நம் பக்கத்துப் போர் தண்ணீரும் மிஷினுக்கு ஆகாது. ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர் பக்கம் உப்பும் சுண்ணாம்பும் படிந்து சின்ன மோட்டாரின் சல்லடை அடைத்துக்கொள்ளும். கேன் தண்ணீர் ஊற்றுங்கள். ராத்திரி தண்ணீரைக் கொட்டி, குழாயைத் தொங்கவிட்டுக் காயவையுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வரும்.

கட்டு நனைந்தது ஓட்டையால் இல்லாமலும் இருக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பட்டையின் வெளிப்பக்கம் வியர்த்து வழியும். பட்டையைத் துடைத்துப் பத்து நிமிஷம் ஒரு செய்தித்தாள்மேல் வையுங்கள். ஒரே இடத்தில் ஈரம் பரவினால் ஓட்டை. பட்டை கிடந்த இடம் முழுக்க லேசாக ஈரமானால் வியர்வை. ஓட்டை என்றால் அந்தப் பட்டையை வீசிவிடுங்கள். நனைந்த கட்டைக் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள், அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

மாமியார் "ஐஸ் வெச்சா வாதம் ஏறும், வெந்நீர் ஒத்தடம்தான் குடுக்கணும்" என்று விடமாட்டேன் என்கிறார். நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார்.
- குடியாத்தம் வாசகி

அத்தை சொல்வது நாள்பட்ட பிடிப்புக்குச் சரி, புதுக் காயத்துக்கு இல்லை என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டும். புதிதாகத் தைத்த இடத்தில் அது வீக்கத்தைத்தான் கூட்டும். நாலாறு வாரம் போய், காயம் முழுக்க ஆறி, வீக்கம் வடிந்து, பயிற்சிக்கு முன்னால் தசை இறுகியிருக்கும்போது வெந்நீர் ஒத்தடம் நன்றாக வேலை செய்யும். அப்போது அத்தையையே கொடுக்கச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்த பிறகு ஐஸ். எண்ணெய் தேய்த்து நீவுவதும், பச்சிலை, முட்டை வெள்ளைக் கட்டும் ஆபரேஷன் ஆன தோளில் வேண்டவே வேண்டாம். நீவினால் தையல் தளரும். பச்சிலை துளை வழியாகக் கிருமியை உள்ளே விடும். தோளில் ஐஸ் வைப்பதால் சளி பிடிக்காது.

அப்பாவுக்கு 62 வயது, பதினைந்து வருஷமாக சுகர். பைக்கிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் இதே முறைதானா?
- ஆம்பூர் வாசகர்

இல்லை, கொஞ்சம் மாற்ற வேண்டும். பல வருஷ சுகரில் தோலின் உணர்வு மழுங்கியிருக்கலாம். பெரும்பாலும் காலில்தான் முதலில் தெரியும் என்றாலும், தோளையும் ஒரு தடவை சோதியுங்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு தோளிலும் பஞ்சால் தொட்டு எங்கே தொட்டது என்று கேளுங்கள். பிறகு ஒரு குளிர்ந்த ஸ்பூன். அது சில்லென்று தெரியவில்லை என்றாலோ, இரண்டு பக்கமும் வித்தியாசமாக இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் ஐஸ் வேண்டாம். உணர்வு சரியாக இருந்தால் 10 நிமிஷம், துணி இரண்டு மடிப்பு, எடுத்ததும் தோலைப் பார்க்க வேண்டும். அவருக்குத் திறந்து செய்த ஆபரேஷன், தையல் நீளமாக இருக்கும். தையல் ஓரம் நேராகப் படாமல் பக்கவாட்டில் வையுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்ற வேண்டாம்.

சுகர் இல்லாதவர்களிலும் சிலர் ஐஸைத் தவிர்க்க வேண்டும்: குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறவர்கள், குளிர் பட்டால் தடிப்பு வருகிறவர்கள், கை கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள், அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. கரண்டும் போய்விடுகிறது.
- ஒடுகத்தூர் வாசகர்

மீன் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் வரும் பாளம் ஐஸை வாங்கி வையுங்கள். மரத்தூளோ சாக்கோ சுற்றி, மூடி உள்ள பிளாஸ்டிக் பக்கெட்டில் நிழலில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். உருகிய தண்ணீர் வடிய கீழே ஒரு செங்கல் போட்டு அதன்மேல் பாளத்தை வையுங்கள். தன் தண்ணீரிலேயே கிடக்கும் பாளம் சீக்கிரம் கரையும். அந்த ஐஸ் குடிப்பதற்கு இல்லை, காயத்தின்மேலும் படக் கூடாது, பைக்குள் மட்டும். ஐஸே கிடைக்காத நேரத்தில் மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பாலித்தீன் கவரில் போட்டு வையுங்கள், வீக்கம் வடியாது, வலிக்குக் கொஞ்சம் இதம்.

ஐந்தாம் நாள். முழங்கைவரை கறுத்துவிட்டது, விரல்கள் உப்பியிருக்கின்றன. இன்னும் இறுக்கிக் கட்டலாமா?
- போளூர் வாசகி

கூடாது. உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்கி முழங்கைவரை, சில சமயம் மார்பின் ஓரம்வரை கறுப்பாகத் தெரியும். பச்சையாகி மஞ்சளாகி இரண்டு வாரத்தில் மறையும். விரல் உப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்லிங் தொய்ந்து, மணிக்கட்டு முழங்கையைவிடத் தாழ்ந்திருப்பது. பட்டையைச் சுருக்கி, கையின் நுனி முழங்கையைவிட ஒரு விரற்கடை உயரமாக இருக்கும்படி வையுங்கள். மோதிரத்தையும் வளையலையும் இன்றைக்கே கழற்றுங்கள். நாளை கழற்ற வராது. மணிக்கு ஒரு முறை கையை இறுக்க மூடித் திறப்பதைப் பத்துத் தடவை செய்யுங்கள். ஐஸைத் தோளில் மட்டும் வையுங்கள், உப்பிய விரலில் அல்ல.

கை முழுக்க இறுகிப் பளபளத்து, நீலம் பூத்து, மார்பின் மேல் ரத்தக்குழாய் புடைத்துத் தெரிந்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், துளையில் சீழ், நாற்றம், நாளுக்கு நாள் சிவப்பு பரவுவது ஆகியவையும் அப்படித்தான். ஐஸ் வைத்துக் காய்ச்சலைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஐஸ் வைத்தால் ஆறுவது தாமதமாகும் என்று யூடியூபில் ஒரு டாக்டர் சொல்கிறார். நிஜமா?
- சோளிங்கர் வாசகர்

பாதி நிஜம். ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் ஒன்றாகச் சொல்லிப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் அதைச் சொன்னது 1978இல். பிற்பாடு அவரே, வீக்கம் என்பது ஆறுவதன் ஒரு பகுதி, ஐஸ் அதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். அந்த விவாதம் முக்கியமாகச் சுளுக்கு, தசைப்பிடிப்பு பற்றியது. ஆபரேஷன் ஆன தோளில் முதல் வாரம் வலியால் தூங்காமல், பயிற்சி செய்ய முடியாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம். அளவாக, இடைவெளி விட்டு வைக்கும் ஐஸ் அங்கே உதவுகிறது. நாள் முழுக்க வைத்துக்கொண்டே இருந்தால் யூடியூப் டாக்டர் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

ராத்திரி வலிதான் தாங்கவில்லை. மிஷினைப் போட்டுக்கொண்டே தூங்கலாமா?
- வாலாஜா வாசகர்

வேண்டாம். தூங்கும்போது யாரும் தோலைப் பார்ப்பதில்லை, வலி மாத்திரையின் மயக்கம் வேறு. படுக்கப்போவதற்கு அரை மணிக்கு முன் ஒரு தடவை வைத்து எடுத்துவிடுங்கள். ராத்திரி வலி கூடுவதற்குப் பாதிக் காரணம் மல்லாந்து படுப்பது. மட்டமாகப் படுத்தால் முழங்கை பின்னால் சாய்ந்து தைத்த இடத்தை இழுக்கும். சாய்வு நாற்காலி உள்ளவர்கள் முதல் இரண்டு மூன்று வாரம் அதிலேயே தூங்கலாம். இல்லையென்றால் கட்டில் தலைமாட்டில் தலையணைகளை அடுக்கி நாற்பது டிகிரி சாய்வுக்குக் கொண்டுவாருங்கள். முழங்கைக்குப் பின்னால் ஒரு மடித்த போர்வை. படுத்தபடியே முழங்கை முனையைக் கண்ணால் பார்க்க முடிந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஜெல் பையை ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே வைத்தேன். தோளில் வெள்ளைத் திட்டு வந்து, இப்போது கொப்புளமாகிவிட்டது.
- பேரணாம்பட்டு வாசகி

உருகும் ஐஸ் பூஜ்ய டிகிரிக்குக் கீழே போகாது. ஜெல் பையோ ஃப்ரீசரின் குளிருக்கே, அதாவது மைனஸ் 18 டிகிரி வரை, இறங்கிவிடும். பார்க்க மெத்தென்று இருக்கும், தோலைச் சுடும். அடுத்த முறை ஜெல் பையை எடுத்துப் பத்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டு, டவலில் சுற்றியே பயன்படுத்துங்கள்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், தீயில் காட்டி ஒத்தடம் கொடுக்காதீர்கள். மரத்த தோலுக்குச் சூடும் தெரியாது. இன்னொரு புண் வரும். சுத்தமான உலர்ந்த காஸால் லேசாக மூடி, தையலுக்குப் பக்கத்தில் இருப்பதால் இன்றைக்கோ நாளைக்கோ சர்ஜனிடம் காட்டுங்கள். கறுத்துப்போனால், நீர் கலங்கலானால் இன்றைக்கே. கொப்புளம் வராமல் வெள்ளைத் திட்டு மட்டும் வந்தவர்கள் பையை எடுத்துவிட்டு, உள்ளங்கையை அதன்மேல் அழுத்தாமல் வைத்துக்கொண்டிருந்தால் நிறம் திரும்பும். அந்த இடத்தில் நன்றாக ஆறும்வரை ஐஸ் வேண்டாம்.

எத்தனை நாள் ஐஸ் வைக்க வேண்டும்? பிசியோதெரபிக்கு வாராவாரம் வேலூர் வர முடியவில்லை.
- திருப்பத்தூர் வாசகர்

இரண்டு வாரம்வரை தினமும். அதற்குப் பிறகு பயிற்சி செய்து முடித்த உடனே ஒரு தடவை, வலி இருந்தால் படுக்கும்முன் ஒரு தடவை. பயிற்சி முடிந்த இரண்டு மணி நேரம் கழிந்தும் வலி குறையாவிட்டால் ஐஸைக் கூட்டாதீர்கள், அடுத்த நாள் பயிற்சியைக் குறையுங்கள். வலியே இல்லாத நாளில் வைக்க வேண்டியதில்லை.

வாராவாரம் வர முடியாவிட்டால் தையல் பிரிக்க வரும் நாளிலேயே பிசியோதெரபிஸ்டிடம் அடுத்த நான்கு வாரப் பயிற்சியைக் கேட்டு, அவர் முன்னாலேயே செய்து காட்டி, போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாரத்தில் கையை எவ்வளவு உயரம் தூக்கலாம், எதை இன்னும் செய்யக் கூடாது என்பதை எழுதி வாங்குங்கள். கூட இருந்து ஐஸ் வைத்துவிடப்போகிறவரையும் அன்றைக்கு அழைத்து வாருங்கள்; பேண்டேஜை அங்கேயே ஒரு தடவை அவர் கையாலேயே சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.